அமைப்பாளருக்கும் நியமனக் கடிதம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்கு மாகாணத்தின் தனியார் துறையில் வேலை செய்வோர் ஏன் தொழிற்சங்கங்களில் சேர முன்வருவதில்லை என்று வினவி அண்மையில் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். தொழிலாளரின் அச்சம், இளையோரின் அக்கறையின்மை என்னும் இரண்டு காரணங்களைக் கட்டுரையாளர் கூறியிருந்தார். அச்சம் உண்டு என்பதை நான் நன்கு அறிவேன். அக்கறையின்மை என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2013ஆம் ஆண்டு முதல் பதினொரு ஆண்டுகள் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்குப் பொறுப்பான தொழிற்சங்க அமைப்பாளர் குழுவொன்றை வழிநடத்தியவன் என்ற முறையில், அக்கட்டுரையில் இடம்பெறாத மூன்றாவது காரணமொன்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். தொழிலாளரின் வீட்டுப் படியேறிச் சென்று அவர்களைச் சங்கத்தில் இணைக்கும் அமைப்பாளர்களைத் தொழிற்சங்கங்களே நியாயமாக நடத்துவதில்லை. நியமனக் கடிதம் இல்லாத ஒருவரை அனுப்பி, "உங்கள் முதலாளியிடம் நியமனக் கடிதம் கேளுங்கள்" என்று தொழிலாளருக்குச் சொல்ல வைக்கிறோம்.

எங்கள் குழுவில் ஆறு பேர் இருந்தனர். மூவர் தமிழர், இருவர் முஸ்லிம்கள், ஒருவர் உகணைப் பக்கத்தைச் சேர்ந்த சிங்கள இளைஞர். ஆறு பேரில் நால்வர் பெண்கள். வடக்கே வாகரை முதல் தெற்கே பொத்துவில் வரை நூற்றைம்பது கிலோமீற்றருக்கும் அதிகமான கரையோரமும், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களும், சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து வயற்பிரதேசங்களும் இந்த ஆறு பேரின் பொறுப்பில் இருந்தன. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கிழக்கை நெல்லும் மீனும் தரும் பூமி என்று மட்டுமே எண்ணுகின்றனர். அரிசி ஆலைகளில் மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஆண்கள், ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்காக விடியற்காலை நான்கரை மணிக்கே சந்தியில் வந்து நிற்கும் பெண்கள், கல்முனையிலும் காத்தான்குடியிலும் புடவைக் கடைகளில் காலை முதல் இரவு வரை காலூன்றி நிற்கும் பிள்ளைகள், மருதமுனையில் துண்டுக்கூலிக்குத் தறியில் இருப்போர், உள்ளூராட்சி மன்றங்களில் ஆண்டுக்கணக்காக அமய ஊழியராகவே குப்பை அள்ளுவோர் ஆகியோரெல்லாம் அந்தப் பார்வையில் படுவதில்லை. வாழைச்சேனைக் காகித ஆலையும் ஹிங்குராணைச் சீனி ஆலையும் முழுமூச்சாக இயங்கிய காலத்தில் சங்கம் என்றால் என்ன என்று இப்பகுதி மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போரும் ஆலைகளின் முடக்கமும் அந்தத் தொடர்ச்சியை அறுத்துவிட்டன. இன்று இருபத்தைந்து வயதுப் பெண்ணொருத்தியிடம் சங்கம் என்று சொன்னால், மாதர் சங்கமா, மரண உதவிச் சங்கமா என்றே கேட்பாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் முதலாளி பெரும்பாலும் அந்நியர் அல்லர். வயல்களின் சொந்தக்காரரான போடியாரும், அவருக்காக வயலைப் பார்க்கும் முல்லைக்காரரும், கூலிக்காரரும் ஒரே கோயில் சடங்கில் கூடி நின்ற ஊர்கள் இவை. அரிசி ஆலை உரிமையாளர் தொழிலாளிக்குத் தாய்மாமன் முறையானவராக இருப்பார். அல்லது பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பார். அல்லது மகளின் கலியாணத்திற்குக் கைமாற்றுக் கொடுத்தவராக இருப்பார். அவரிடம் மேலதிக நேரக் கொடுப்பனவு கேட்பதை ஊர், செய்ந்நன்றி மறந்த செயலாகவே பேசும். இத்தகைய ஊரில் ஓர் அமைப்பாளர் நுழைவதும், கொழும்பில் ஒரு காரியாலய வாசலில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுப்பதும் ஒன்றல்ல என்பதைத் தலைமைக் காரியாலயங்கள் இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை.

கட்டுரையாளர் குறிப்பிட்ட அச்சத்திற்கு வருகிறேன். மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட 2014ஆம் ஆண்டில், அதுவரை பாதை எனப்படும் மிதவையில் ஏறிக் கடந்த துறையை மோட்டார் சைக்கிளிலேயே கடந்து, கொக்கட்டிச்சோலைக்கு அப்பாலுள்ள கிராமமொன்றுக்கு எங்கள் அமைப்பாளர் ஒருவருடன் சென்றேன். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணொருத்தியின் வீடு அது. மகள் ஆர்வத்துடன் பேசிக்கொண்டிருந்தாள். அமைப்பாளர் பையிலிருந்து உறுப்பினர் படிவத்தை எடுத்ததும், அடுப்படியில் இருந்த தாய் எழுந்து வந்து, "மனே, இந்த வீட்டில பேரெழுத வேணாம். எழுதின பேரெல்லாம் எங்க போச்சுதெண்டு எங்களுக்குத் தெரியும்" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. சுவரில் மாலையிட்ட இளைஞனின் படமொன்று தொங்கியது. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிய தாள் ஒன்று அந்தத் தாய்க்கு எதை நினைவூட்டும் என்பதை இம்மாவட்டத்தில் வாழ்ந்த எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்தோம். அந்த அமைப்பாளர் அதன் பிறகு ஐந்து தடவை அவ்வீட்டுக்குச் சென்றார். ஒரு தடவையேனும் படிவம் கொண்டு செல்லவில்லை. பதினான்கு மாதங்களின் பின்னர் மகள் தானாகவே கேட்டு வாங்கிக் கையொப்பமிட்டாள். அந்தப் பதினான்கு மாதங்களிலும் மாதாந்த அறிக்கையில் அவ்வீட்டுக்கு எதிரே பூச்சியமே எழுதப்பட்டிருந்தது.

இன்னொரு கிராமத்தில், நாங்கள் படலையைத் திறந்தவுடன் பெண்கள் பின்வளவு வழியாக ஓடி மறைவதைக் கண்டோம். தலைக்கவசமும் கோவையும் கையுமாக மோட்டார் சைக்கிளில் வந்த எங்களை, வாரக்கடன் அறவிட வந்தவர்கள் என்று அவர்கள் எண்ணியிருக்கின்றனர். நுண்கடன் நிறுவனங்களின் வசூலிப்பாளர்கள் வரும் நாட்களில் அக்கிராமத்தில் பகலில் எவரும் வீட்டில் தங்குவதில்லை. அன்றிலிருந்து எங்கள் குழுவினர் எவரும் கோவை எடுத்துச் செல்வதில்லை என்றும், மோட்டார் சைக்கிளைச் சந்தியில் நிறுத்திவிட்டு நடந்தே வீட்டுக்குச் செல்வது என்றும் முடிவெடுத்தோம். இத்தகைய சிறு முடிவுகளை எந்தச் சுற்றறிக்கையும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அவை அமைப்பாளர்களின் கால்கள் கண்டறிந்தவை. அவர்கள் வந்து சொன்னவற்றைக் கேட்டு அவற்றை முழுக் குழுவின் வழக்கமாக்குவதே என் வேலை என்பதை உணர எனக்கு இரண்டு ஆண்டுகள் சென்றன.

முதல் இரண்டு ஆண்டுகளும் நான் படிவங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவதற்குச் சட்டத்திலும் காரணம் இருக்கிறது. 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். ஆனால் முதலாளி அச்சங்கத்துடன் பேச்சு நடத்தியே ஆக வேண்டும் என்ற நிலை வருவதற்கு, கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்திற்கு 1999இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, அந்த வேலைத்தலத்தின் தொழிலாளரில் 40 வீதத்தினருக்குக் குறையாதோர் அதன் உறுப்பினராக இருத்தல் வேண்டும். ஆகவே தலைமைக் காரியாலயம் 40 வீதத்தைக் கணக்கிட்டு, ஓர் அமைப்பாளர் மாதமொன்றுக்கு நாற்பது படிவங்கள் கொண்டுவர வேண்டும் என்று இலக்கு விதித்தது. ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகள் தங்களை வதைக்கும் மணித்தியால உற்பத்தி இலக்கை "டாகட்" என்பார்கள். டாகட் முடியாவிட்டால் தண்ணீர் குடிக்கவோ கழிவறைக்குச் செல்லவோ எழும்ப முடியாது என்று அவர்கள் முறையிடுவதைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்த எங்கள் பெண் அமைப்பாளர்கள், மாத இறுதியில் என் முன் வந்து தங்கள் டாகட்டுக்குப் பதில் சொன்னார்கள். நான் அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

அதன் விளைவை அம்பாறை மாவட்டத்தின் அரிசி ஆலையொன்றில் கண்டோம். ஆலையில் 26 பேர் வேலை செய்தனர். அமைப்பாளர் ஒருவர் ஆலைக்கு எதிரேயிருந்த தேநீர்க் கடையில் ஒரே மாலையில் பத்தொன்பது படிவங்களை நிரப்பிக்கொண்டு வந்தார். சட்டத்திற்குப் பதினொன்று போதும். மாதாந்தக் கூட்டத்தில் அவரை எழுப்பி நிறுத்தி நான் பாராட்டினேன். மறுவாரம் உரிமையாளருக்குச் சங்கத்தின் கடிதம் சென்றது. கடிதம் கிடைத்த மறுநாட் காலையில் உரிமையாளர் ஒவ்வொருவராகத் தம் அறைக்கு அழைத்தார். எவரையும் திட்டவில்லை, ஒவ்வொருவரின் தகப்பன் பெயரையும் சொல்லி நலம் விசாரித்தார் என்று பின்னர் கேள்விப்பட்டோம். அன்று மாலைக்குள் சங்கத்திலிருந்து விலகுவதாகப் பதினேழு கடிதங்கள் எங்களுக்கு வந்து சேர்ந்தன. பதினேழும் ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. கையொப்பங்கள் மட்டும் வேறு வேறு. விலகாத இருவருக்கும் அடுத்த நாளிலிருந்து மூட்டை கொடுக்கப்படவில்லை. எழுத்தில் எந்த ஆவணமும் இல்லாத அந்த இருவருக்காகவும் நாங்கள் தொழில் திணைக்களத்திற்கு அலைந்தது ஒரு தனிக் கதை. அந்த இருவரின் வீட்டிலும் அந்த மாதம் அடுப்பெரியாததற்கு நானும் பொறுப்பு. முதலாளி அழைத்துப் பேசுவார், இன்னின்னவாறு பேசுவார், அப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று அந்த பத்தொன்பது பேரிடமும் முன்கூட்டியே ஒரு தடவையேனும் கேட்டிருந்தால், அன்று படிவத்தில் கையொப்பமிடத் துணிந்திருக்கக்கூடியவர்கள் நான்கு பேராகவே இருந்திருப்பார்கள். ஆனால் அந்த நால்வரும் நின்றிருப்பார்கள்.

அதன் பின்னர் எங்கள் கூட்டத்தை மாற்றினோம். கல்முனையில் ஒரு டயர்க் கடையின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் பிற்பகல் இரண்டு மணிக்குக் கூடினோம். படிவ எண்ணிக்கை அங்கே பேசப்படவில்லை. அந்த வாரத்தில் சென்ற வீடுகளில் ஒன்றைப் பற்றி மட்டும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்: யார் கூடுதலாகப் பேசியது, நீங்களா அவரா, அவர் எதைச் சொல்லும்போது குரல் மாறியது, தாமாகச் செய்வதாக அவர் எதையாவது ஏற்றுக்கொண்டாரா. முதற் சில வாரங்களில் எல்லோரும், நான் உட்பட, நாமே பேசிவிட்டு வந்தோம் என்பது வெளிப்பட்டது. மேடைப் பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒருவரின் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அவர் பேசி முடிக்கும்வரை வாய் மூடி இருப்பது மிகவும் கடினமான பயிற்சி. நாட்காட்டியின் பின்பக்கத்தில் தொழிற்சாலையின் படத்தைப் பென்சிலால் வரைந்தோம். எந்த லைனில் எத்தனை பேர், எந்த ஊர், எந்த பஸ், யாருக்கு யார் சொந்தம், சுப்பவைசர் யாருடைய மச்சாள் என்றெல்லாம் எழுதினோம். நாளடைவில் அந்தத் தாள்கள், முகாமையாளருக்குக்கூடத் தெரியாதவற்றை எங்களுக்குச் சொல்லத் தொடங்கின.

அவ்வாறுதான் உபஒப்பந்தத்தில் தைக்கும் சிறிய ஆடைத் தொழிற்சாலையொன்றில், நூல் வெட்டும் மேசையில் வேலை செய்த நாற்பத்துமூன்று வயதுடைய விதவைப் பெண்ணொருவரை நாங்கள் கண்டுகொண்டோம். பஸ்ஸில் உரத்துப் பேசுபவர்கள் வேறு சிலர். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விடுமுறை கேட்க என்ன சொல்ல வேண்டும், மேலதிக நேர வேலைக்கு வீட்டில் எவ்வாறு சொல்லிச் சமாளிப்பது என்று மற்றப் பெண்கள் அவரிடமே கேட்டார்கள் என்பதை எங்கள் அமைப்பாளர் கவனித்து வந்து சொன்னார். ஏழு தடவை அவருடைய வீட்டுக்குச் சென்ற பிறகும் அவர் கூட்டத்திற்கு வரவில்லை. எட்டாவது தடவை, தம்முடைய சம்பளச் சிட்டையை ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காட்டி, இந்த 8 வீதம் எங்கே போகிறது என்று கேட்டார். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்பட்டு, முதலாளியின் பங்கான 12 வீதத்துடன் அடுத்த மாத இறுதிக்குள் செலுத்தப்பட வேண்டும் என்பது இந்த நாட்டில் சட்டம். அதற்கு மேலாக ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திற்கு முதலாளி 3 வீதம் செலுத்த வேண்டும். அந்தப் பெண் தம் மேசையில் சொல்லி ஒரே வாரத்தில் முப்பத்தொரு பேரின் சம்பளச் சிட்டைகளைச் சேர்த்தார். சிட்டையில் கழிக்கப்பட்டிருந்த பணம் ஒன்பது மாதங்களாகக் கணக்குக்குச் செல்லவில்லை என்பது தெரிந்தது. தொழில் அலுவலகத்திற்கு அமைப்பாளர் தனியே செல்லாமல், அந்தப் பெண்ணும் மற்றும் பதினொருவரும் போயா விடுமுறைக்கு மறுநாள் அரைநாள் லீவு எடுத்துச் சேர்ந்தே சென்றனர். அலுவலர் கேட்ட கேள்விகளுக்கு அவர்களே பதில் சொன்னார்கள். நிலுவை கட்டப்பட ஏழு மாதங்கள் சென்றன, கட்டப்பட்டது. அந்தத் தொழிற்சாலையில் எங்கள் கிளை இன்றும் இருக்கிறது. தலைமைக் காரியாலயத்தின் அட்டவணைப்படி, எட்டு வீட்டு வருகைகளைச் செய்த அமைப்பாளர் அந்தக் காலாண்டில் மிகவும் பின்தங்கியவராகக் குறிக்கப்பட்டிருந்தார்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பின் வந்த மாதங்களைப் பற்றியும் எழுத வேண்டும். எங்கள் குழுவிலிருந்த முஸ்லிம் சகோதரரை எல்லோரும், அண்ணன் என்ற பொருளில், காக்கா என்றே அழைப்போம். தமிழ்க் கிராமங்களில் மிகவும் விரும்பப்பட்ட அமைப்பாளர் அவர். அந்த வாரத்திலிருந்து அவரால் அக்கிராமங்களுக்குள் செல்ல முடியவில்லை. எங்கள் தமிழ்ச் சகோதரிகள், முஸ்லிம்கள் செறிந்து வாழும் காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் செல்லத் தயங்கினார்கள். இனத்திற்கு இனம் பகுதிகளைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள் என்று எனக்கு ஆலோசனை கூறப்பட்டது. நான் அதை மறுத்தேன். அவ்வாறு ஒரு தடவை பிரித்துவிட்டால் மீண்டும் சேர்ப்பதற்கு எவருக்கும் நேரம் வராது. அதே வேளை, கொள்கையின் பெயரால் காக்காவை அந்தக் கிராமங்களுக்கு அனுப்பவும் நான் விரும்பவில்லை. அடுத்தவரின் துணிவை எடுத்துச் செலவழிக்கும் உரிமை குழுத்தலைவருக்குக் கிடையாது. படுவான்கரைப் பெண்களின் சேமலாப நிதி முறைப்பாடுகளை எழுதும் பொறுப்பை மூன்று மாதங்களுக்கு அவரிடம் கொடுத்தேன். பெண்களின் கேள்விகளை எங்கள் சகோதரிகள் கொண்டுவந்தார்கள்; கல்முனை அறையில் இருந்தபடியே அவர் பதில் எழுதி அனுப்பினார். ஆகஸ்ட் மாதத்தில் அப்பெண்களில் ஒருவர், "எங்கட கடிதம் எழுதுற காக்காவை ஒருக்கா கூட்டிக்கொண்டு வாங்க" என்று சொல்லியனுப்பினார். அவர் சென்றார். சனிக்கிழமைக் கூட்டங்கள் அந்த மூன்று மாதங்களிலும் ஒரு வாரமும் தடைப்படவில்லை என்பதே நான் அந்தக் குழுவுக்காகச் செய்தவற்றுள் எனக்கு மிகவும் நிறைவு தருவது.

இவ்வளவையும் செய்தவர்களுக்குச் சங்கம் என்ன செய்தது என்பதைச் சொல்லாமல் இக்கடிதத்தை முடிக்க இயலாது. ஆறு பேரில் ஒருவருக்கும் நியமனக் கடிதம் இருக்கவில்லை. மாதந்தோறும் ஒரு வவுச்சரில் "போக்குவரத்து மற்றும் ஏனைய கொடுப்பனவு" என்று எழுதிக் கையொப்பம் பெற்றே பணம் கொடுக்கப்பட்டது. சம்பளம் என்ற சொல் அந்த வவுச்சரில் எங்கும் வராது. ஆகவே 8 வீதமும் இல்லை, 12 வீதமும் இல்லை, ஐந்து ஆண்டுகள் பூர்த்தியானால் கிடைக்க வேண்டிய பணிக்கொடையும் இல்லை. வெளிநாட்டு நிதியில் ஒரு செயற்திட்டம் வந்தால் தொகை சற்று உயரும். செயற்திட்டம் முடிந்தால் குறையும். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் அந்த ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவுக்கு உயர்ந்தபோதும் எங்கள் போக்குவரத்துக் கொடுப்பனவு ஒரு சதமும் உயரவில்லை. வரிசையில் நின்றும் பெற்றோல் கிடைக்காத நாட்களில் இருவர் சைக்கிளில் சென்றார்கள். ஒரு சகோதரி தம் காதணியை அடகு வைத்து வண்டிக்கு எண்ணெய் அடித்ததை நான் ஏழு மாதங்கள் கழித்தே அறிந்தேன். அதுவும் அவர் சொல்லி அல்ல, வட்டி கட்ட வழியின்றி அது ஏலத்தில் போன பின் அவருடைய கணவர் சொல்லி.

அந்தச் சகோதரி அடுத்த ஆண்டு கர்ப்பமுற்றார். இந்த நாட்டில் மகப்பேற்று விடுமுறை 84 நாட்கள் என்பதை ஆடைத் தொழிற்சாலைப் பெண்களுக்கு எங்கள் குழுவில் மிகத் தெளிவாக விளக்கியவர் அவரே; 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளையாயினும் அது 84 நாட்கள்தான் என்று பல வீடுகளில் சொல்லிவந்தவர். அவருடைய முறை வந்தபோது, வவுச்சரில் பணம் பெறுபவர் ஊழியர் அல்லர் என்று தலைமைக் காரியாலயத்திலிருந்து எனக்குப் பதில் வந்தது. தொலைபேசியில் வந்த பதில். எழுத்தில் தரும்படி நான் கேட்டேன், தரப்படவில்லை. முதலாளிமாரிடமிருந்து நாங்கள் எத்தனையோ தடவை கேட்ட அதே வாசகம், அதே விதமாக. குழுவினர் ஐவரும் நானும் சேர்த்த பணத்தில் அவருக்கு இரண்டு மாதங்களைச் சமாளித்தோம். பிள்ளை பிறந்த பின் அவர் திரும்பி வரவில்லை. இப்போது ஏறாவூரில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறார். கடை உரிமையாளர் முதல் மாதத்திலேயே அவருக்கு நியமனக் கடிதமும் சேமலாப நிதி உறுப்பினர் இலக்கமும் பெற்றுக் கொடுத்திருக்கிறார்.

அந்த வவுச்சர்களில் குழுத்தலைவர் என்ற இடத்தில் பதினொரு ஆண்டுகளாகக் கையொப்பமிட்டவன் நான். வேறு வழியில்லை, இயக்கம் என்றால் தியாகம் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அவர்களுக்கும் சொன்னேன். அவ்வாறு சொன்னது தவறு. தியாகம் ஒருவர் தாமாக முன்வந்து செய்வது. அதைக் கணக்குப் புத்தகத்தில் வருமானமாக எழுதி வைத்துக்கொள்ள ஒரு சங்கத்திற்கு உரிமை இல்லை. கிழக்கில் சங்கம் ஏன் வளரவில்லை என்று கேட்பவர்கள், இந்தப் பதினொரு ஆண்டுகளில் எங்கள் பகுதியில் பயிற்சி பெற்று விலகிச் சென்ற அமைப்பாளர்கள் பதினான்கு பேர் என்பதை அறிய வேண்டும். ஒவ்வொருவரும் விலகியபோது, அவர் பெயரைச் சொன்னால் மட்டுமே திறக்கும் ஐம்பது, அறுபது வீட்டுப் படலைகளும் எங்களுக்கு மூடிக்கொண்டன. புதிதாக வருபவர் மறுபடியும் கடன் வசூலிப்பவராகவே பார்க்கப்படுவார்.

பணம் இல்லை என்ற பதிலை நான் அறிவேன். சந்தாப் பணம் குறைவு என்பதும் உண்மை. ஆறு பேரை வவுச்சரில் வைத்திருப்பதைவிட மூன்று பேரை முழு ஊழியராக வைத்திருப்பது மேல் என்று இப்போது எண்ணுகிறேன். அந்த மூவரும் ஐந்து ஆண்டுகள் ஒரே கிராமங்களில் நின்றால், ஆண்டுக்கொருவராக மாறும் ஆறு பேர் செய்வதைவிடக் கூடுதலாகச் செய்வார்கள். எங்கள் கிளைகள் அனுப்பும் சந்தாவில் ஒரு பங்கு பிராந்தியத்திலேயே தங்குவதற்குச் சங்கத்தின் யாப்பில் இடம் செய்ய வேண்டும். சிங்களத்தில் மட்டும் வரும் சுற்றறிக்கைகளை உகணை இளைஞர் இரவிரவாகத் தமிழில் சொல்ல, மற்றவர்கள் எழுதிக்கொள்ளும் நிலையும் முடிய வேண்டும். மொழிபெயர்ப்பது அவருடைய வேலையல்ல, அதற்கு அவருக்கு எவரும் ஒரு ரூபாவும் கொடுத்ததில்லை. பிராந்தியப் பொறுப்புக்கு ஒருவரை நியமிக்கும்போது அவர் எத்தனை படிவம் சேர்த்தவர் என்று பார்க்காமல், அவரிடம் வேலை செய்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அமைப்பாளராக இருக்கிறார்கள் என்று பாருங்கள். இவ்வளவையும் ஒரே ஆண்டில் செய்ய இயலாவிட்டால் நியமனக் கடிதத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு பக்கத் தாளில் பெயர், பதவி, சம்பளம், வேலை நேரம், விடுமுறை, சேமலாப நிதி என்று ஆறு விடயங்களை எழுதிச் செயலாளர் கையொப்பமிட வேண்டும். அதே தாளைத்தான் நாங்கள் கல்முனைப் புடவைக் கடை முதலாளிகளிடம் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டு வந்தோம்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கிளைகளைக் கொண்டிருக்கும் சங்கங்களின் உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். உங்கள் வீட்டுக்கு வரும் அமைப்பாளரிடம், "தங்கச்சி, உங்களுக்கு நியமனக் கடிதம் தந்திருக்காங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கிளையின் பெயரால் அதை ஒரு பிரேரணையாகக் கொண்டுவாருங்கள். சந்தா கொடுப்பவர்கள் நீங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு.

என் பெயரை வெளியிட்டால், மேலே நான் எழுதிய சகோதரி யாரென்பது பலருக்கும் தெரிந்துவிடும் என்பதனால் அதைத் தவிர்த்து இக்கடிதத்தைப் பிரசுரிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முகவரியும் தொலைபேசி இலக்கமும் தங்களுக்கெனத் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
முன்னாள் பிராந்தியப் பொறுப்பாளர்,
கல்லடி, மட்டக்களப்பு.